தென்கொரியா பொய்முடி விற்று எழும்பியது. வன்னி கால்சட்டை தைத்து எழும்புமா?

#1 தருமபுரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். நான் பொருளியல் இரண்டாம் வருடம். போன கிழமை ஏற்றுமதி வழி வளர்ச்சி பற்றி விரிவுரை நடந்தது. கொரியா, தாய்வான், ஹொங்கொங், சிங்கப்பூர் என்று நாலு நாட்டுக் கதை. கேட்க வடிவாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் அதே பாடம் வேறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது.

தங்கை ஏ.எல். எழுதிவிட்டு இருக்கிறாள். கிளிநொச்சியில் ஒரு கார்மென்ட்ஸில் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். "மெசினுக்குத் தின்னக் கொடுக்கவா பிள்ளை வளர்த்தேன்?" என்கிறார் அப்பா. அவள் போகத்தான் போவேன் என்கிறாள். நடுவில் நான் கொரியாக் கதை சொல்லப்போய் இரண்டு பேரிடமும் நன்றாக வாங்கிக் கட்டினேன்.

என் கேள்வி இதுதான். பெண்பிள்ளைகளைத் தையல் மெசினில் இருத்தித்தான் கொரியா தொடங்கியது என்றால், எங்கள் இடத்துக்கு வந்திருக்கும் தொழிற்சாலைகளும் அதே முதற்படிதானா? இல்லை, எங்களுக்கு அதுதான் கடைசிப் படியுமா?

#2 கணக்குவாத்தி

தம்பி, நல்ல இடத்தில் பிடித்திருக்கிறீர். வவுனியாவில் வர்த்தகம் படிப்பிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளும்.

1961இல் பார்க் சுங்-ஹீ ஆட்சியைப் பிடித்தபோது கொரியாவில் ஆள்வீத வருமானம் ஆண்டுக்கு 100 டொலரைத் தொடவில்லை. அந்தக் காலத்தில் இலங்கை அதைவிட நல்ல நிலையில் இருந்தது. 1964இல் அவர்களுடைய ஏற்றுமதி முதல் தடவையாக 100 மில்லியன் டொலரை எட்டியது. அதைக் கொண்டாட நவம்பர் 30ஐ ஏற்றுமதி நாள் ஆக்கினார்கள். 1977இல் அது 10 பில்லியன். பதின்மூன்று வருடத்தில் நூறு மடங்கு.

விற்றது என்ன என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒட்டுப்பலகை, சட்டை, பொய்முடி. எங்கள் ஆச்சிமார் வைத்த சவரிமுடி மாதிரித்தான், ஆனால் அமெரிக்கப் பெண்களுக்கு. 1965இல் சீன முடியில் செய்த பொய்முடிக்கு அமெரிக்கா தடை போட, அந்த இடத்துக்குள் கொரியா புகுந்துகொண்டது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் கூந்தலை விலைக்கு வாங்கினார்கள். 1970 அளவில் பொய்முடி அவர்களின் முன்னணி ஏற்றுமதிகளில் ஒன்று.

ஆக, என்ன பொருளில் தொடங்கினார்கள் என்பது பெரிய விசயமில்லை. அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன், வினாத்தாள் கட்டு ஒன்று முன்னால் கிடக்கிறது.

#3 செத்தல்மிளகாய்

எனக்கு வயது 74. பேரன்தான் இந்தப் போனில் தட்டித் தருகிறான்.

நாங்கள் விசுவமடுத் திட்டத்தில் காணி கிடைத்துக் காடு வெட்டின ஆட்கள். சிறிமாவோ அம்மா காலத்தில் வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வர விடவில்லை. அப்போது முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் செத்தல் மிளகாய் பொன் மாதிரி. யாவாரி கொழும்பிலிருந்து லொறியோடு வந்து படலையில் நிற்பான். விலை நாங்கள் சொல்வதுதான். மிளகாயில் கல்வீடு கட்டினவன், உழவு இயந்திரம் எடுத்தவன், தங்கச்சிமாரைக் கரைசேர்த்தவன் எல்லோரும் இருந்தார்கள். மூன்று போகக் காசில் நான் என் தங்கச்சிக்குக் கல்யாணம் செய்து வைத்தேன்.

77இல் ஜே.ஆர். வந்தார், கதவைத் திறந்தார். இந்திய மிளகாய் வந்து இறங்கியது. எங்கள் மூட்டை சாக்கோடு கிடந்தது.

உங்கள் திறந்த பொருளாதாரம் எங்களுக்குத் தந்தது அதுதான். இப்போது ஏற்றுமதி, ஏற்றுமதி என்று பாடம் எடுக்கிறீர்கள்.

#4 பாலைப்பழம்

ஐயா, பேரனுக்கு ஒரு லைக். எழுத்துப்பிழையே இல்லை.

#5 கணக்குவாத்தி

ஐயா, உங்கள் கோபம் நியாயம். எங்கள் வீட்டிலும் வெங்காயக் கதை ஒன்று உண்டு. ஆனால் ஒரு விசயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

77இல் இங்கே நடந்ததும் கொரியா செய்ததும் ஒன்றல்ல. பலர் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். கொரியா ஏற்றுமதிக்கு முன்கதவைத் திறந்தது, இறக்குமதிக்குப் பின்கதவை இறுக்கிப் பூட்டியது. வெளிநாட்டுச் சிகரெட்டோ காரோ சாதாரண சனம் வாங்க முடியாது. ஆனால் ஏற்றுமதிக்கு வேண்டிய பஞ்சு, நூல், மெசின் எல்லாம் வரியில்லாமல் வரும். வங்கிகளை அரசு கையில் எடுத்து வைத்திருந்தது. ஏற்றுமதி ஓடரைக் காட்டினால் மற்றவர்களுக்குக் கிடைக்காத குறைந்த வட்டியில் கடன். மாதாமாதம் ஜனாதிபதியே தலைமை இருந்து, யார் எவ்வளவு ஏற்றினான் என்று கணக்குக் கேட்பார். சொன்ன இலக்கை எட்டாதவனுக்கு அந்தச் சலுகை நிலைக்காது.

அதாவது முதலாளிக்குப் பாதுகாப்பும் கிடைத்தது, பரீட்சையும் வைத்தார்கள். பரீட்சைத்தாள் திருத்தியது கொழும்பு மாதிரி ஒரு தலைநகரத்து அமைச்சர் அல்ல, வெளிநாட்டில் இருந்த வாங்குபவன். அவனிடம் சிபாரிசுக் கடிதம் எடுபடாது.

உங்கள் மிளகாய்க்கு அந்தக் காலத்தில் பாதுகாப்பு மட்டும் கிடைத்தது, பரீட்சை வைக்கவில்லை. 77க்குப் பிறகு வெறும் பரீட்சை, அதுவும் படிப்பிக்காத பாடத்தில்.

#6 செத்தல்மிளகாய்

கடைசி வரி சரி. படிப்பிக்காத பாடம்தான். இந்தியாக்காரனுடைய மிளகாய்க்கு அவனுடைய அரசு உரமும் கரண்டும் கொடுத்தது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

#7 லைன்ஏழு

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மெசினில் இருந்தவள் யாரும் எழுதக் காணவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆறு வருடம் வேலை செய்தேன். எந்த இடம் என்று கேட்க வேண்டாம்.

காலை ஐந்து பத்துக்குச் சந்தியில் பஸ். அதற்கு முதல் சமைத்து, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி, அம்மாவிடம் விட்டுவிட்டு ஓட வேண்டும். என் வேலை பின் பொக்கெட் வைப்பது. பொக்கெட் மட்டும்தான். ஆறு வருடத்தில் எத்தனை ஆயிரம் பொக்கெட் வைத்திருப்பேன் தெரியாது, முழுக் கால்சட்டை ஒன்று தனியாகத் தைத்ததில்லை. மணித்தியாலத்துக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியிருக்கும். தண்ணீர் குடித்தால் மூத்திரம் வரும், எழும்பினால் டார்கெட் விழும் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் உண்மை. இன்னொன்றும் உண்மை. யுத்தம் முடிந்து முகாமால் வந்தபோது வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை. வயல் வேலைக்குப் போனால் வருடத்தில் சில மாதம்தான் கூலி. நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை வாசலில் நிற்பான். கார்மென்ட்ஸ் சம்பளம் மாதம் தவறாமல் வங்கிக்கு வந்தது. என் பெயரில் வங்கிப் புத்தகம் அதுதான் முதலாவது. இரண்டாம் கல்யாணத்தோடு வேலையை விட்டேன், ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக் காசை எடுத்துக் கிணறு கட்டினோம். இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கச்சான் போடுகிறோம்.

தங்கைக்கு நான் போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். அப்பாவிடம் மட்டும் ஒன்று கேளுங்கள்: வேண்டாம் என்றால் வேறு என்ன?

#8 ஸ்காபரோ_முல்லை

இந்த உரையாடல் இழை அருமை. நான் கனடாவில். இங்கே கடையில் ஒரு விளையாட்டுக் கால்சட்டை எடுத்துப் பின்னால் திருப்பிப் பார்த்தேன், இலங்கையில் செய்தது என்று போட்டிருந்தது. வன்னியோ கட்டுநாயக்காவோ தெரியாது, ஆனாலும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளின் உழைப்பு உலகச் சந்தையில்! இன்னும் பத்துத் தொழிற்சாலை வந்தால் வன்னி சிங்கப்பூர்தான்.

#9 லைன்ஏழு

அண்ணை, நெஞ்சு நிறைந்ததற்கு நன்றி. அந்தக் கால்சட்டை என்ன விலை என்று பார்த்தீர்களா? அதில் பொக்கெட் வைத்தவளுக்கு எவ்வளவு வந்தது என்று எனக்குத் தெரியும், கடையில் என்ன விலை என்று அங்கே இருந்த காலம் முழுக்கத் தெரியாது. விலைக்கணக்குத் தாள் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

துணி பெட்டியில் வரும். நூல் பெட்டியில் வரும். லேபலும் ஸிப்பும் பெட்டியில் வரும். தைத்து மறுபடி பெட்டியில் போட்டு ஏ9 வீதியால் கொழும்புக்கு அனுப்புவோம். பற்றன் (துணி வெட்டுகிற அளவு மாதிரி) வெட்டுவது, விலை பேசுவது, ஓடர் பிடிப்பது ஒன்றும் இங்கே இல்லை. எங்களிடம் மிஞ்சுவது சம்பளமும் முதுகுநோவும்.

உங்கள் ஊர்ச் சங்கம் போன வருடம் கோபுரத்துக்கு அனுப்பிய காசில் தையல் மெசின் எத்தனை வாங்கலாம் என்றும் ஒருக்கால் கணக்குப் பாருங்கள்.

#10 பாலைப்பழம்

🔥 அக்கா வந்துவிட்டார், ஓடுங்கள்.

#11 கணக்குவாத்தி

லைன்ஏழு சொன்ன பெட்டிக் கணக்குத்தான் விசயத்தின் முடிச்சு. அதை அவிழ்க்க நான் கொரியாவை விட்டுப் பங்களாதேஷுக்குப் போகிறேன்.

1974இல் பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாட்டுக்கு நாடு கோட்டா, அதாவது இவ்வளவுதான் வரலாம் என்ற உச்ச அளவு, போட்டன. பல்நார் ஒப்பந்தம் என்பார்கள், 2004 முடிவு வரை இருந்தது. கொரியாவின் கோட்டா நிரம்பிவிட்டது. அப்போது டேவூ கொம்பனி கோட்டா இல்லாத நாடு தேடிப் பங்களாதேஷில் தேஷ் என்ற உள்ளூர்க் கொம்பனியோடு சேர்ந்தது. 1979இல் தேஷ் தன் ஆட்கள் 130 பேரைப் பூசானில் இருந்த டேவூ தொழிற்சாலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. தையல் மட்டுமல்ல, கொள்வனவு, தரம் பார்ப்பது, சந்தைப்படுத்தல் எல்லாம் பழகினார்கள். திரும்பி வந்தார்கள். சில வருடத்தில் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டுப் போய்விட்டார்கள்.

தேஷுக்கு இது நட்டக் கதைதான். நாட்டுக்கு அப்படியல்ல. விலகியவர்கள் சொந்தமாகத் தொழிற்சாலை போட்டார்கள், மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அரசும் இரண்டு நல்ல வேலை செய்தது. ஏற்றுமதிக்கான துணியை வரியில்லாமல் இறக்கிப் பூட்டிய களஞ்சியத்தில் வைக்க விட்டது. வெளிநாட்டு ஓடரை ஈடாக வைத்து வங்கி துணி வாங்கக் கடன் கொடுத்தது. கையில் முதல் இல்லாதவனும் இறங்கலாம் என்று ஆயிற்று. இன்று பங்களாதேஷ் சீனாவுக்கு அடுத்த வரிசையில் நிற்கும் ஆடை ஏற்றுமதி நாடு.

ஆகவே தம்பி, ஒரு தொழிற்சாலை முதற்படியா கடைசிப் படியா என்று அறிய அதன் ஏற்றுமதித் தொகையைப் பார்க்காதீர். அங்கே வேலை பழகி வெளியே வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாரும். வன்னியின் 130 பேர் எங்கே?

#12 முறிகண்டி_றோட்டு

வாத்தியார் வெற்றிக் கதை மட்டும் சொல்கிறார். மற்றப் பக்கம் நான் சொல்கிறேன்.

1970 நவம்பர் 13, சோல் நகரத்துப் பீஸ் சந்தை. அங்கே சிறு சிறு தையற்கூடங்களில் பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்க முடியாத தட்டுகளில் இருந்து தைத்தார்கள். ஜொன் தே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி தொழிற்சட்டப் புத்தகத்தோடு தன்னையும் கொளுத்திக்கொண்டான். சட்டம் புத்தகத்தில் இருந்தது, கூடத்துக்குள் வரவில்லை என்பதுதான் அவனுடைய முறைப்பாடு.

இன்னொன்று. வாத்தியார் சொன்ன அதே பொய்முடித் தொழில். 1979 ஓகஸ்டில் வை.எச். என்ற பொய்முடிக் கொம்பனி மூடப்பட்டது. அங்கே வேலை செய்த பெண்கள் எதிர்க்கட்சித் தலைமையகத்தில் போய் இருந்தார்கள். பொலிஸ் புகுந்து அடித்தது, ஒரு பெண் செத்துப்போனாள். அதிலிருந்து கிளம்பிய கொந்தளிப்பு பூசான், மாசான் வரை போய், ஒக்டோபர் 26இல் பார்க்கை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டதில் போய் நின்றது. பங்களாதேஷின் ரானா பிளாசா 2013இல் இடிந்தபோது செத்தவர்கள் 1,100க்கு மேல்.

கொரியா பாதை, கொரியா பாதை என்கிறீர்கள். அந்தப் பாதையில் யார் படுத்துக் கிடந்தார்கள் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

#13 கணக்குவாத்தி

மறுக்கவில்லை. என் பாடக்குறிப்பில் இது இல்லாதது என் குறைதான். சேர்க்கிறேன்.

ஒன்று மட்டும் ஒட்டிச் சொல்கிறேன். கொரியாவில் கூலி உயர்ந்தது முதலாளியின் தயவில் அல்ல, இப்படிப் போராடியவர்களால். கூலி உயர்ந்ததால் பொய்முடியும் மலிவுச் சட்டையும் கட்டாமல் போய், உருக்கு, கப்பல், மின்னணு என்று நகர வேண்டிய நெருக்கடி கொம்பனிகளுக்கு இன்னும் கூடியது. போஹாங் உருக்காலை 1973இலேயே உற்பத்தி தொடங்கிவிட்டது. எங்கள் நாட்டில் ஆடை 1980களின் நடுவில் தேயிலையை முந்தியது. நாற்பது வருடமாகியும் அதற்குப் பின்னால் அடுத்த பெரிய பொருள் வரவில்லை. வர இருந்தது. மோட்டரோலாவும் ஹாரிஸும் கட்டுநாயக்காவில் மின்னணுத் தொழிற்சாலை போடத் திட்டமிட்டிருந்தன. 83 கலவரத்தோடு அது கைநழுவிப் போயிற்று. கடைகளையும் வீடுகளையும் எரித்தவர்கள் எதை எரிக்கிறோம் என்று தெரிந்தா எரித்தார்கள்?

#14 பூநகரி_நண்டு

எல்லோரும் துணியிலேயே நிற்கிறீர்கள். ஏற்றுமதி எங்கள் கடற்கரையில் எப்போதோ தொடங்கிவிட்டது. நீலக்கால் நண்டு. நாங்கள் பிடிக்கிறோம், வாடிக்காரன் நிறுக்கிறான், பெண்கள் அவித்துச் சதை பிரிக்கிறார்கள், தகரத்தில் அடைத்து அமெரிக்காவுக்குப் போகிறது. வலை மட்டும்தான் வெளியிலிருந்து வாங்குவது. லைன்ஏழு அக்கா சொன்ன பெட்டிக் கணக்கில் பார்த்தால் கார்மென்ட்ஸை விட இதில் ஊரில் தங்குவது கூட.

ஆனால் விலை எங்கள் கையில் இல்லை. 2020இல் அங்கே சாப்பாட்டுக் கடைகளைப் பூட்டினார்கள், இங்கே நண்டு நாய்க்கும் பூனைக்கும் போனது. கடலட்டைப் பண்ணை இன்னொரு கதை. களப்பு யாருக்கு என்ற சண்டை அதிலே இருக்கிறது. அதை இங்கே தொடங்கினால் இழை பூட்டுப்படும்.

வாத்தியாருக்கு ஒரு கேள்வி: கடலில் நண்டு குறைந்தால் எந்தப் பரீட்சையில் பாஸ் பண்ணுவது? சினை நண்டையும் விடாமல் பிடிக்கிறோம் இப்போது.

#15 செத்தல்மிளகாய்

பரந்தனை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஆனையிறவு உப்பு, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். சோடா சவர்க்காரக் கொம்பனிக்கு, குளோரின் குடிதண்ணீருக்கு. என் அண்ணன் அங்கே ஷிப்டில் நின்றவர். வெள்ளைக் கோட்டுப் போட்ட இரசாயனப் பெடியன்கள் சைக்கிளில் போவார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம். எங்கள் ஊர் உப்பு, எங்கள் ஊர்ப் பிள்ளை, சாமான் நாடு முழுக்க. 85 அளவில் சண்டையோடு நின்றது.

இப்போது பரந்தனிலும் மாங்குளத்திலும் முதலீட்டு வலயம் என்கிறார்கள். வரட்டும். தையலுக்கு மட்டும் வருகுதா, உப்புக்கும் வருகுதா என்பதுதான் என் கேள்வி.

#16 முறிகண்டி_றோட்டு

வலயம் வந்தாலும் வோஷிங்டனில் ஒருவர் தும்மினால் இங்கே காய்ச்சல். 2025 ஏப்ரலில் இலங்கைச் சாமானுக்கு 44 வீத வரி என்று அறிவித்தார்கள். ஜூலையில் 30, பிறகு 20க்கு இறங்கியது. அந்த நாலு மாதமும் பஸ்ஸில் போன பிள்ளைகள் என்ன நினைத்துக்கொண்டு போனார்கள்? ஐரோப்பாவின் வரிச்சலுகையும் அப்படித்தான். 2010இல் மனித உரிமைக் காரணம் சொல்லி நிறுத்தினார்கள், 2017இல் திருப்பித் தந்தார்கள். கொரியா எழும்பிய காலத்தில் அமெரிக்காவுக்கு அவன் பனிப்போர்ப் பிள்ளை, சந்தையைத் திறந்து விட்டார்கள். நாங்கள் யாருடைய பிள்ளை?

#17 லைன்ஏழு

வாத்தியார் 130 பேர் எங்கே என்று கேட்டார். இரண்டு நாளாக அதையே யோசித்தேன்.

எனக்குத் தெரிந்து மூன்று பேர். ஒருத்தி லைன் பொறுப்புவரை போனாள், சிங்களமும் கொஞ்ச ஆங்கிலமும் அங்கேதான் பழகினாள், இப்போது வேறு தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். மற்ற இரண்டு பேரும் கண்டாவளைப் பக்கம் ஆறு மெசின் வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். தை மாதத்தில் மூச்சு விட நேரமில்லை, ஆடியில் ஈ ஓட்டுகிறார்கள். அவர்கள் தையலைப் பார்த்தால் கடைச் சாமானா என்று கேட்பீர்கள், அவ்வளவு நேர். வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்கிறார்கள். காணி அனுமதிப்பத்திரம் புருசன் பெயரில், புருசன் இல்லை.

பங்களாதேஷ்காரனுக்கு ஓடரைக் காட்டினால் கடன் கொடுத்தார்கள் என்று வாசித்ததும் அதை அவர்களுக்கு அனுப்பினேன். "எங்களுக்கு ஓடர் தருகிற வெள்ளைக்காரனை முதலில் காட்டு" என்று பதில் வந்தது.

#18 ஸ்காபரோ_முல்லை

லைன்ஏழு தங்கச்சி, கோபுரக் கதை சுட்டது. சுட வேண்டியதுதான். இங்கே எங்கள் கோயில், சங்கம், தமிழ்ப் பள்ளி எல்லாம் வருடத்துக்கு வருடம் ரீசேட் அடிக்கிறோம், துணிப்பை அடிக்கிறோம். எல்லாம் சீனச் சாமான். முந்நூறு துணிப்பை என்றால் அந்த ஆறு மெசினால் முடியுமா? உள்பெட்டியில் எழுதுங்கள். அனுப்பும் செலவு கூடத்தான் வரும், ஆனால் முதல் ஓடரில் இலாபம் பார்க்கப்போவதில்லை.

#19 கணக்குவாத்தி

பை தைப்பதற்கு முன் துணியின் பாரம், கைப்பிடி நீளம், தையல் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். மாதிரிப் பை ஒன்று அனுப்பி, சரி என்று வந்த பிறகு மிச்சத்தை வெட்டுங்கள். முற்பணம் பாதி. ஊர்ப்பாசம் ஒருபக்கம் இருக்கட்டும்.

#20 தருமபுரத்தான்

எல்லோருக்கும் நன்றி. இழையை முதலிலிருந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். செத்தல்மிளகாய் ஐயா எழுதிய இடத்தில் நிறுத்தச் சொல்லித் திரும்ப வாசிப்பித்தார். அவரும் விசுவமடுவில் மிளகாய் போட்ட குடும்பம்தான், எனக்கு அது இத்தனை நாள் தெரியாது. லைன்ஏழு அக்காவின் "வேறு என்ன?" வந்தபோது எழும்பிப் போய் மாட்டை அவிழ்த்துக் கட்டினார்.

தங்கை நேர்முகத்துக்குப் போய்வந்தாள். பயிற்சியில் தையல் மட்டுமா, பற்றன் வெட்டவும் பழக்குவீர்களா என்று கேட்டாளாம். அப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை, மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். சம்பளம் சட்டப்படி உள்ள ஆகக் குறைந்த தொகைக்கு மேல்தான், வரவுப் படி தனி.

திங்கட்கிழமை தொடங்குகிறாள். லைன்ஏழு அக்கா, பஸ் தருமபுரம் சந்திக்கு எத்தனை மணிக்கு வரும்?

#21 லைன்ஏழு

நாலு ஐம்பது. நாலே முக்காலுக்கே போய் நிற்கச் சொல்லுங்கள், நிறுத்தி ஏற்ற மாட்டான். தண்ணீர்ப் போத்தல் கொண்டு போகச் சொல்லுங்கள், குடிக்கவும் சொல்லுங்கள்.